தானியங்கிப் பட்டை: சில வருடம் பாட் நடத்திய அனுபவம்

பல சர்வர்கள் இணைந்து இயங்கும் சமூக வலைத்தளமான மாஸ்டடானில் இரண்டு தானியங்கிக் கணக்குகளை, அதாவது மென்பொருளே பதிவிடும் பாட்களை, சில வருடங்களாக நடத்தி வருகிறேன். ஒன்று தினமும் ஒரு அருஞ்சொல்லைப் பதிவிடும். இன்னொன்று அமெரிக்க நிலவியல் ஆய்வகம் பொதுவில் தரும் தரவைப் படித்து, அளவு (மேக்னிட்யூட்) 6-க்கு மேற்பட்ட நிலநடுக்கங்களைச் சொல்லும். இரண்டிலும் 'இது தானியங்கிக் கணக்கு' என்று காட்டும் பட்டையைப் போட்டிருக்கிறேன்.

போடுவது மிகச் சுலபம். சுயவிவர அமைப்பில் ஒரே ஒரு டிக். உள்ளே நடப்பது என்னவென்றால், சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையில் அந்தக் கணக்கின் வகை 'பெர்சன்' என்பதிலிருந்து 'சர்வீஸ்' என்று மாறிவிடுகிறது. அதனால் மற்ற சர்வர்களுக்கும் விஷயம் தெரிந்துவிடும். ஆனால் டிக் போடாவிட்டால் மென்பொருள் எதுவும் தடுக்காது. ஸ்பாம் அனுப்ப வந்தவன் இதைப் போடவா போகிறான்?

இந்த இடத்தில் டெலிகிராமின் வழிதான் எனக்குப் பிடிக்கிறது. அங்கே பாட்ஃபாதர் என்ற டெலிகிராமின் சொந்த பாட் வழியாகத்தான் பாட் உருவாக்க முடியும். அப்படி உருவாக்கிய பாட் தானாக வந்து யாரிடமும் முதலில் பேச்சுக் கொடுக்கவும் முடியாது. அப்புறம் எக்ஸ். ட்விட்டராக இருந்த காலத்தில், 2022-இல் எல்லோருக்கும் வந்த பட்டை அது. அதில் ஒரு நல்ல விஷயம், பாட்டை நடத்தும் மனிதரின் கணக்கையும் சேர்த்துக் காட்டும். 'இது பாட்' என்பதைவிட 'இது இன்னாருடைய பாட்' என்பதுதான் படிப்பவருக்கு வேண்டிய தகவல். மாஸ்டடானில் அதற்குத் தனி இடம் இல்லை. அறிமுகக் குறிப்பில் என் சொந்தக் கணக்கை நானே எழுதி வைத்திருக்கிறேன். பாட் ஏடாகூடமாக எதையாவது போட்டால் எனக்குச் செய்தி வருவது அதனால்தான்.

பட்டை மட்டும் இருந்தால் போதுமா என்றால், போதாது. ஒரு பெரிய நிலநடுக்கத்துக்குப் பின்னதிர்வுகள் வரிசையாக வரும். அத்தனையும் பொதுப் பதிவாகப் போனால் சர்வரின் பொதுக் காலக்கோடு முழுக்க இதுவாகத்தான் இருக்கும். எனவே பின்னதிர்வுகளை முதல் பதிவின் கீழ் மறுமொழிகளாகக் கோர்த்து, பொதுக் காலக்கோட்டில் வராத 'பட்டியலிடாத' பதிவாகப் போடுகிறேன். ஹேஷ்டேக் தேடலில் அவை அகப்படாது, பரவாயில்லை. பாட் கணக்குக்குள் நுழையப் பயன்படுத்தும் சாவியான டோக்கனுக்கும் பதிவெழுதும் அனுமதி மட்டும்தான். படிக்கும் அனுமதி எதற்கு?

படிப்பவர் பக்கத்திலிருந்தும் ஒன்று. நான் பின்தொடரும் பாட்களை ஒரு பட்டியலில் போட்டு, முகப்பில் அவை வராதபடி அமைத்துவிட்டேன். 4.2 பதிப்பில் வந்த வசதி இது. பட்டையை வைத்துப் பாட்களை இனம் காண்பது இதற்கு நிஜமாகவே உதவியது. அறிமுகக் குறிப்பில் '#நோபாட்' என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களைப் பாட் தொடக்கூடாது என்பது வழக்கம். உங்கள் பாட் ஆட்களைத் தானாகப் பின்தொடரும் ரகமென்றால், முதலில் அந்தச் சோதனையை எழுதிவிட்டு ஓடவிடுங்கள்.