ஆட்சேபணை மனு அனுப்பித் தருகிறோம் என்பவர்களிடம் ஏமாறாதீர்கள்: எங்கள் தெரு இழந்த 74,000 ரூபாய்

நேற்று மாலை எழும்பூரிலிருந்து வீடு திரும்பியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. 37 வீடுகளில் வீட்டுக்கு 2,000 ரூபாய் வீதம் என் கையாலேயே வசூலித்த 74,000 ரூபாயை, ஒரே ஒரு கடிதத்தைக்கூட அனுப்பாத ஆட்களிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன் என்பது நேற்றுத்தான் உறுதியாயிற்று. கோபம் ஆறுவதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும். ஆறிவிட்டால் வெட்கம் எழுத விடாது. எங்களைப் போன்ற நிலையில் இருக்கும் மற்றத் தெருக்காரர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

செங்குன்றத்துக்கும் மாதவரத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் எங்கள் நகர் இருக்கிறது. தெருவின் அகலம் 20 அடி. தெருமுனையில் ஓர் அங்கன்வாடி, அதற்கு எதிரே பல ஆண்டுகளாக முள் மண்டிக் கிடக்கும் ஒன்றரை ஏக்கர் காலி நிலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெய்த மழையில் இந்தத் தெருவின் நீர் அந்த நிலத்துக்குள் இறங்கித்தான் வடிந்தது. அப்படியும் முழங்காலளவு தண்ணீரில் நான்கு நாட்கள் கிடந்தோம். சென்னைப் பெருநகருக்கு 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) அந்த நிலம் ஆதாரக் குடியிருப்புப் பகுதி என்று குறிக்கப்பட்டுள்ளது. அதாவது வீடுகளும், வீடுகளுக்கு வேண்டிய சிறு கடைகளும் வரலாம்; சரக்குக் கிடங்கு வர முடியாது.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீக்கடையில் கிடந்த பழைய நாளிதழில் எங்கள் சங்கத் தலைவர் ஒரு பொது அறிவிப்பைப் பார்த்தார். அந்த நிலத்தின் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, அதைக் குடியிருப்பிலிருந்து தொழில் உபயோகப் பகுதியாக மாற்ற விண்ணப்பம் வந்திருப்பதாகவும், ஆட்சேபணை உள்ளவர்கள் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கு (சி.எம்.டி.ஏ.) எழுதித் தெரிவிக்கலாம் என்றும் அதில் இருந்தது. கெடு முடிய 11 நாட்களே மிச்சம். நிலத்துக்காரர் கிடங்கு கட்டப் போகிறார் என்ற பேச்சு முன்பே இருந்ததால் எங்களுக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. நாங்கள் கிடங்குகளுக்கு விரோதிகள் அல்லர். என் மகனே மாதவரத்தில் ஒரு கிடங்கில்தான் கணக்கு எழுதுகிறான். ஆனால் 40 அடிக் கன்டெய்னர் லாரி 20 அடித் தெருவில் திரும்ப வேண்டுமானால் யார் வீட்டுச் சுற்றுச்சுவராவது போகும், அதற்கு முன் அங்கன்வாடிப் பிள்ளைகளின் நடமாட்டம் போகும்.

உபயோக மாற்றம் என்பது கட்டட அனுமதி அன்று. அதற்கு முந்திய படி. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவின் கீழ் முழுமைத் திட்டத்தையே அந்த ஒரு நிலத்துக்காக மாற்றுவது. அந்தப் படி ஏறிவிட்டால், பிறகு கட்டட அனுமதி கேட்கும்போது 'இது குடியிருப்புப் பகுதி' என்ற எங்கள் முதல் வாதமே இல்லாமற் போய்விடும். ஆகவே அந்த 11 நாட்கள்தாம் எங்களுக்கு முக்கியம். அந்த அவசரத்தைத்தான் அவர்கள் காசாக்கினார்கள்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. பட்டா மாற்றம், கட்டட அனுமதி, நில உபயோகச் சான்று என எல்லா ஆவண வேலைகளையும் 'வீட்டிலிருந்தபடியே' முடித்துத் தருவதாகக் கைப்பேசியில் ஓயாமல் விளம்பரம் காட்டும் ஒரு சேவை நிறுவனம் என்று மட்டும் சொல்கிறேன். இணையத்தில் பளபளவென்று இருக்கிறது. நேரில் போனால் ஒரு கைப்பேசிக் கடைக்கு மேல் மாடியில் இரண்டு மேசையும் ஒரு குளிர்சாதனமும். தலைவருக்கு முழங்கால் வலி என்பதால் பொருளாளரான நான் தனியாகப் போனேன். முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எழுந்து நின்று வரவேற்றார். நான் சர்வே எண்ணைச் சொன்னதும், வண்ண வரைபடம் ஒன்றை மேசைமேல் விரித்து எங்கள் தெருவின்மேல் விரலை வைத்தார். பிரிவு எண்ணைச் சொன்னார். புழல் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குத் தனி வளர்ச்சிக் கட்டுப்பாடு இருக்கிறது, அதை வைத்தே இந்த விண்ணப்பத்தை உடைத்துவிடலாம் என்றார். அப்படி ஒரு கட்டுப்பாடு இருப்பது உண்மைதான். எங்கள் கிராமம் அந்தப் பட்டியலில் இல்லை என்பதைப் பிறகு நானே தேடித் தெரிந்துகொண்டேன்.

இவ்வளவும் கேட்டபோதுகூட எனக்கு அரை மனதுதான் இருந்தது. பணத்தை எடுக்க வைத்தது வேறொன்று. என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். அஞ்சல் துறையில் 31 ஆண்டுகள், பெரும்பாலும் பதிவுத் தபால் கவுண்டர் என்றேன். சட்டென்று அவர் முகம் மாறிற்று. "எங்க அப்பாவும் போஸ்ட்மேன்தான் ஐயா. சைக்கிள்லயே காலம் போச்சு அவருக்கு. உங்க கிட்ட நான் லாபம் பார்க்க மாட்டேன்" என்றார். காபி வரவழைத்தார். அப்பா எந்த அலுவலகத்தில் இருந்தார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். எங்கள் துறையில் யாரைச் சந்தித்தாலும் முதலில் கேட்கும் கேள்வி அது. அன்றைக்கு அது வாயில் வரவில்லை. கண் கலங்கியிருந்தது எனக்கு.

37 வீடுகளின் சார்பிலும் தனித்தனி ஆட்சேபணை, வழக்கறிஞர் கையெழுத்து, நில அளவை வரைபட நகல், குழுமத்தில் நேரில் தொடர்நடவடிக்கை, எல்லாம் சேர்த்து 74,000 ரூபாய் என்று பேசி முடித்தோம். 50,000 ரூபாயை வங்கிக் கணக்கிலிருந்து கைப்பேசி வழியாக அனுப்பினேன். மீதி 24,000 ரூபாயை 'நகல் செலவு, வக்கீல் செலவுக்கெல்லாம் ரொக்கமாகத்தான் கேட்பார்கள்' என்று சொன்னதால் கையில் கொடுத்தேன், ரசீது இல்லை. அந்த அளவை வரைபடத்தை அரசின் இணையச் சேவைத் தளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம் என்பதையும் இப்போதுதான் அறிகிறேன்.

இந்தப் பணத்தில் ஒரு வீட்டின் 2,000 ரூபாயை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பம். நீங்கள் தர வேண்டியதில்லை அம்மா, வீட்டுக்காரரிடம் வாங்கிக்கொள்கிறேன் என்று நான் சொன்னதற்கு, "வீடு அவருது, ரோடு எங்களுது சார். எங்க பசங்கதான இங்க சைக்கிள் ஓட்டுது" என்று சொல்லிக் கொடுத்தார் அந்த அம்மாள்.

கெடு முடிவதற்கு மூன்று நாட்கள் முன்னதாக வாட்சாப்பில் ஒரு படம் வந்தது. விரைவுத் தபால் ரசீது. கூடவே 'எல்லாம் அனுப்பியாகிவிட்டது ஐயா' என்ற செய்தியும் கைகூப்பிய பொம்மையும். 2025இல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள் என்பதால் அது விரைவுத் தபாலாக இருந்ததில் எனக்கு ஐயம் எழவில்லை. படத்தில் கட்டைவிரல் ஒன்று தேதியையும் பெறுநர் ஊரையும் மறைத்திருந்தது. எண் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நான் அந்தப் படத்தைச் சங்கக் குழுவில் அனுப்பி, பெருமையாக 'வேலை முடிந்தது' என்று எழுதினேன்.

பிறகு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. மனுவின் நகல் ஒன்று வேண்டும், சங்கக் கோப்பில் வைக்க வேண்டும் என்று நான் கேட்டேன். ஸ்கேனர் பழுது என்றார்கள். அடுத்த வாரம், வழக்கறிஞர் ஊருக்குப் போயிருக்கிறார். அதற்கடுத்து, 'ஃபைல் மேஜையில் இருக்கிறது ஐயா, இந்த நேரத்தில் கேட்டால் நமக்குத்தான் பாதகம்' என்று என்னையே பயமுறுத்தினார்கள். போஸ்ட்மேன் மகன் தொலைபேசியை எடுப்பதை நிறுத்தினார். பொது எண்ணுக்கு அழைத்தால் பாட்டு ஒலித்தது, பிறகு ஒரு பெண் குரல் என் புகாருக்கு எண் கொடுத்தது. இரண்டே நாளில் 'உங்கள் கோரிக்கை வெற்றிகரமாக முடிக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' என்று குறுஞ்செய்தி. நேரில் போனேன். மாடியில் வேறொரு பையன் இருந்தான். நான் கட்டியது ஆலோசனைக் கட்டணம்தான் என்றும், மனு அனுப்புவது அதில் சேராது என்றும், நான் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தொட்ட பக்கத்தில் அது எழுதியிருக்கிறது என்றும் நின்றபடியே சொன்னான். 74,000 ரூபாய் ஆலோசனைக்கா என்று கேட்டதற்கு, "50,000தான் சார் எங்க கணக்குல காட்டுது" என்றான்.

அன்றிரவு தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்து, முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ரசீதிலிருந்த 13 எழுத்தெண்ணை அஞ்சல் துறைத் தளத்தில் இட்டுப் பார்த்தேன். அந்தத் தபால் கோயம்புத்தூரில் பட்டுவாடா ஆகியிருந்தது. பதிவான தேதியோ நான் அவர்களுக்குப் பணம் கொடுத்ததற்கு நான்கு நாட்கள் முந்தியது! யாரோ யாருக்கோ அனுப்பிய தபாலின் ரசீது. 31 ஆண்டுகள் அந்த ரசீதைக் கிழித்துக் கொடுத்தவன் நான். 'நம்பர் போட்டுப் பாருங்கள், எங்கே போகிறது என்று தெரியும்' என்று ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை.

நேற்று குழுமத்தின் அலுவலகம் இருக்கும் எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகைக்குப் போனேன். அங்கிருந்தவர் பொறுமையாகப் பார்த்துச் சொன்னார்: அந்த விண்ணப்பத்தின்மேல் எங்கள் தெருவிலிருந்து எந்த ஆட்சேபணையும் வரவில்லை. பிறகு அவர் கேட்டதுதான் இன்னும் காதில் நிற்கிறது. "இதுக்கு எதுக்கு சார் ஏஜென்ட்? ஒரு வெள்ளைத் தாள்ல எழுதி நீங்களே அனுப்பியிருக்கலாமே, இதுக்குக் கட்டணமே கிடையாதே." ஒரு வெள்ளைத் தாளும் தபால் செலவும். அதற்கு 74,000 ரூபாய். பணம் போனதுகூடப் பரவாயில்லை என்று சொல்லலாம், சொல்ல மனம் வரவில்லை; ஆனால் அதோடு அந்த 11 நாட்களும் போயின. தாமதமானாலும் பரவாயில்லை என்று அங்கேயே உட்கார்ந்து, தெருவின் அகலம், அங்கன்வாடி, மழைநீர் வடியும் வழி மூன்றையும் எழுதி ஒரு மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வந்தேன். கெடு தாண்டிய மனுவை எப்படி எடுத்துக்கொள்வார்களோ.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். மணி ஐந்தரை ஆகிவிட்டது. ஆறு மணிக்குச் சங்கக் கூட்டம், 37 வீட்டுக்காரர்கள் முன் நான் நிற்க வேண்டும். ஆகையால் சுருக்கமாக. பொது அறிவிப்பைக் கண்டால் முதலில் கெடு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சர்வே எண்ணைக் கொண்டு குழுமத்தின் தளத்திலேயே நிலத்தின் தற்போதைய உபயோகத்தைப் பார்க்கலாம். ஆட்சேபணையை நீங்களே எழுதுங்கள், ஒவ்வொரு வீடும் தனித்தனியாக எழுதுங்கள், நேரில் கொடுத்து நகலில் முத்திரை பெறுங்கள். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டால் போதும். எவரிடமும் ரொக்கம் கொடுக்காதீர்கள். இணையவழியில் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். நான் சில வாரங்கள் தாமதித்துச் சொன்னேன். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறோம், 5 லட்சம் வரைக்குமான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை. சென்னைப் பெருநகரின் எல்லையை 2022இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரித்திருக்கிறார்கள். இத்தகைய அறிவிப்புகள் இனி இன்னும் பல ஊர்க்காரர்கள் கண்ணில் படும், இந்த மாடி அலுவலகங்களும் பின்னாலேயே வரும்.

வாடகை வீட்டு அம்மாளின் 2,000 ரூபாயைக் காலையில் என் ஓய்வூதியத்திலிருந்து கொடுத்துவிட்டேன். வாங்க மறுத்தார், மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். மற்ற 36 வீடுகளுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரே ரசீதுப் படத்தை அவர்கள் பல தெருக்களுக்கு அனுப்பியிருக்கக்கூடும். கட்டைவிரல் பாதி மறைத்த விரைவுத் தபால் ரசீது உங்களுக்கும் வந்திருந்தால், அந்த எண்ணை இன்றைக்கே போட்டுப் பாருங்கள். கோயம்புத்தூர் என்று காட்டினால் இதன் கீழே எழுதுங்கள், புகாரைச் சேர்ந்தே கொடுக்கலாம்.