டிராக்டரில் பிரேக் விளக்கு பொருத்தக் கேட்டேன். இருக்கை சுவிட்சைத் துண்டித்துவிட்டுப் போனார்

சிறிய டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். பார்க்கிங் பிரேக்குக்கு எச்சரிக்கை விளக்கு இல்லாத வண்டிகளில் சொந்தமாக ஒன்றைப் பொருத்திக்கொள்வது நல்ல யோசனை. ஆனால் அந்த வேலைக்கு யாரைக் கூப்பிடுகிறீர்கள், அவர் எந்த ஒயரில் கை வைக்கிறார் என்பதைக் கவனியுங்கள். எனக்கு வேலை செய்துகொடுத்த எலக்ட்ரீஷியன் விளக்கை எரியவைத்தார். கூடவே, ஆளைக் காப்பாற்றுவதற்காக வண்டியில் ஏற்கெனவே இருந்த ஒரு சுவிட்சை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் செயலிழக்கச் செய்துவிட்டார். கூலியையும் முழுதாக வாங்கிக்கொண்டார்.

விளக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இந்த வண்டிகள் பலவற்றில் பார்க்கிங் பிரேக் என்பது பிரேக் பெடலை மிதித்து ஒரு சிறிய கொக்கியில் மாட்டிவைப்பதுதான். கொக்கியை விடுவிக்காமலே குறைந்த கியரில் கிளம்பினால், பிரேக்கை மீறி இழுக்கும் வலு எஞ்சினுக்கு இருக்கிறது. வண்டி சற்றுச் சோம்பலாகப் போவதுபோல் தோன்றும், அவ்வளவுதான். அதற்குள் பிரேக் சூடேறித் தேயும். எண்ணெயில் மூழ்கிய தட்டு பிரேக் என்றால் தேய்ந்த துகள் எண்ணெயில் கலக்கும். பல வண்டிகளில் கியர்பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் அதே எண்ணெய்தான். உலர்ந்த வகை என்றால் லைனிங் கருகிப் பளபளப்பாகிப் பிடிமானம் குறையும். பிறகு சரிவில் நிறுத்தும்போதுதான் அதன் விளைவு தெரியும்.

ஆகவே நானே ஒரு சுற்று வரைந்தேன். சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் ஓர் இணைப்பு. அதை ஒட்டியே 1 ஆம்பியர் ஃபியூஸ். டேஷ்போர்டில் ஒரு சிவப்பு எல்.இ.டி.; அதோடு தொடராக 680 ஓம், அரை வாட் ரெசிஸ்டர்; கடைசியாகப் பெடலருகே ஒரு சுவிட்ச், அங்கிருந்து சேசிஸுக்கு எர்த். பேட்டரி 12 வோல்ட் என்றாலும் எஞ்சின் ஓடும்போது 14.4 வோல்ட் வரை ஏறும். சிவப்பு எல்.இ.டி. எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 2 வோல்ட். மிச்சத்தை 680 ஓம் தாங்கினால் சுமார் 18 மில்லிஆம்பியர் ஓடும். விளக்குக்கு அதுவே தாராளம். பொருள்களையும் வரைபடத்தையும் சேர்த்தே அவர் கையில் கொடுத்தேன். ஒயர்களைச் சுத்தமாக இழுத்துக் கட்டித் தருவது மட்டுமே அவர் வேலை.

வரைபடத்தை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நான் கொடுத்த சுவிட்சை ஒதுக்கிவிட்டு, "கம்பெனி சுவிட்ச்" என்று பில்லில் எழுதி வேறொன்றை மாட்டினார். பின்னால் கழற்றிப் பார்த்தபோது உள்ளே மெல்லிய கண்ணாடிக் குழாய் இருந்தது. கதவு திறந்தால் மணி அடிக்கும் கருவிகளில் வருகிற காந்த சுவிட்ச் அது. அதன் காந்தத்தைப் பெடலில் பசை போட்டு ஒட்டியிருந்தார். சேறும் அதிர்வும் ஓயாத இடத்தில் அது எவ்வளவு நாள் தாங்கும்? ஃபியூஸைப் போடவே இல்லை. கேட்டதற்கு, "இத்தனூண்டு பல்புக்கு ஃபியூஸ் எதற்கு?" என்றார். ஃபியூஸ் பல்பைக் காப்பதற்காக இல்லை, ஒயரைக் காப்பதற்காக. ஒயர் எங்காவது உரசித் தோலுரிந்து சேசிஸில் பட்டால் பேட்டரி அந்த மெல்லிய ஒயருக்குள் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளிவிடும். பிளாஸ்டிக் உறை தீப்பற்ற நேரம் ஆகாது. வாகன மின்வேலையைப் பிழைப்பாகக் கொண்டவருக்கு இது தெரியாது என்றால் நம்ப முடியவில்லை. தெரிந்தே விட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

இதைவிடப் பெரிய கேடு இருக்கைக்கு அடியில் நடந்தது. டேஷ்போர்டைக் கழற்றிச் சரியான இணைப்பைத் தேடச் சோம்பல்பட்டு, கைக்கு எட்டிய இருக்கை சுவிட்சின் (ஓட்டுபவர் எழுந்தால் எஞ்சினை அணைக்கும் சுவிட்ச்) ஒயரைச் சுரண்டி, அதில் விளக்கின் ஒயரை முறுக்கி, இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டார். என் வண்டியில் எரிபொருளைத் திறந்துவைக்கும் சோலனாய்டுக்கு (மின்காந்தத்தால் இயங்கும் அடைப்பான்) மின்சாரம் அந்த வழியாகத்தான் போகிறது. மின்சாரம் ஒரு கணம் விட்டுப்போனால் எஞ்சின் நின்றுவிடும். முறுக்கிய இணைப்பு தளர்ந்ததும் மேடுபள்ளங்களில் எஞ்சின் திடீர் திடீரென அணையத் தொடங்கியது. அவரையே மறுபடி அழைத்தேன். வந்தார், இருக்கைக்குக் கீழே குனிந்தார், "சரியாகிவிட்டது, இனி நிற்காது" என்று சொல்லிப் போனார்.

அவர் சொன்னபடி நிற்கவில்லைதான். ஏன் என்பது, புல்வெட்டியைப் பூட்டுவதற்கு முன் வழக்கமாகச் செய்யும் சோதனையில் தெரிந்தது. பி.டி.ஓ.வை (பூட்டிய கருவியைச் சுழற்றும் எஞ்சின் தண்டு) இயக்கிவிட்டு இருக்கையிலிருந்து உடலைத் தூக்கினால் எஞ்சின் அணைய வேண்டும். அணையவில்லை. இருக்கை சுவிட்சின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்து, வெளியே தெரியாமல் டேப் சுற்றி வைத்திருந்தார். ஓட்டுபவர் தவறி விழுந்தாலும் கத்தி சுழல்வதை நிறுத்துவதற்கென்று இருக்கும் சுவிட்ச் அது. வீட்டில் வேறு யாராவது அந்த வண்டியை எடுத்து ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

கேட்டபோது அவர் மறுக்கவில்லை. "அந்த சுவிட்ச் தொல்லைதான் சார், நிறையப் பேர் எடுத்துவிடத்தான் சொல்வார்கள்" என்றார். நான் எடுக்கச் சொன்னேனா என்றதற்குப் பதில் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். விளக்கு எரிகிறதல்லவா என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

அவர் போட்ட எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, இருக்கை சுவிட்சைப் பழையபடி இணைத்து, சுரண்டிய இடத்தைச் சால்டர் செய்து மூடினேன். விளக்குக்கு மின்சாரம் இப்போது ஃபியூஸ் பெட்டியிலிருந்து தனியாக வருகிறது. பெடலருகே இருப்பது அழுத்துமுனை சுவிட்ச். பெடல் மேலே இருக்கும்போது முனை அழுந்திச் சுற்று திறந்திருக்கும். பெடல் இறங்கினால் முனை விடுபட்டு விளக்கு எரியும். ஓடும்போது பிரேக் மிதித்தாலும் ஒருமுறை எரிந்து அணைகிறது. அதை நான் குறையாக நினைக்கவில்லை. விளக்கும் ஒயரும் உயிரோடு இருப்பதை ஒவ்வொரு மிதியிலும் பார்த்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இந்த விளக்கு பெடல் எங்கே இருக்கிறது என்பதைத்தான் சொல்லும், பிரேக் பிடிக்கிறதா என்பதைச் சொல்லாது. சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கட்டை வைப்பதை விட்டுவிடாதீர்கள்.

வெளியாளிடம் கொடுப்பதென்றால், மின்சாரத்தை எங்கிருந்து எடுக்கப்போகிறார் என்பதை வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள். இருக்கை, கிளட்ச், நியூட்ரல், பி.டி.ஓ. ஆகியவற்றின் சுவிட்சுகளுக்குப் போகும் ஒயர்களில் கை வைப்பேன் என்றால் அனுப்பிவிடுங்கள். வேலை முடிந்ததும் ஃபியூஸை அவர் முன்னாலேயே பிடுங்கிப் பாருங்கள். புதிய விளக்கு மட்டும் அணைய வேண்டும், வண்டியில் மற்றதெல்லாம் முன்போலவே இயங்க வேண்டும். கழற்றிய பழைய பொருளையும், மாட்டிய புதிய பொருளின் உறையையும் வாங்கிக்கொண்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.

ஏற்கெனவே இப்படி ஒருவரிடம் வண்டியைக் கொடுத்து வாங்கியவர்கள் அடுத்த வேலைக்கு எடுக்கும் முன் இருக்கை சுவிட்சைச் சோதித்துவிடுங்கள். சமதரை, பின்னால் எந்தக் கருவியும் பூட்டியிருக்கக் கூடாது, பிரேக் மாட்டி, கியர் நியூட்ரலில், சுற்றிலும் ஆள் இல்லாதபோது, உங்கள் வண்டியின் கையேட்டில் சொன்ன முறைப்படி. கீழே இறங்கத் தேவையில்லை, பி.டி.ஓ.வை இயக்கிவிட்டு உடலைச் சற்றுத் தூக்கினால் போதும். எஞ்சின் அணையாவிட்டால் சாவியை எடுத்துவிட்டு இருக்கையைத் தூக்கிப் பாருங்கள். புதிதாகச் சுற்றிய டேப் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.