பழைய லேப்டாப்பில் எது பேசும்? என்விடிஏவா, ஓர்காவா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் நின்றது. பாளையங்கோட்டை சர்வீஸ் கடைத் தம்பி, "அண்ணாச்சி, இதுல 11 ஏறாது. லினக்ஸ் போட்டுத் தரட்டுமா?" என்றார். திரையைக் காதால் படிக்கும் நான் சட்டென்று தலையாட்ட முடியாது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்களில் என்விடிஏ விண்டோஸில் மட்டுமே ஓடும்; லினக்ஸுக்குப் போனால் ஓர்காதான். இரண்டும் இலவசம். இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன்.

பக்கத்தில் ஆள் இல்லாமல் நிறுவ முடிகிறதா என்பதே என் முதல் கேள்வி. இதில் டெபியன் என்ற லினக்ஸ் வகை மனதை நிறைத்தது. தொடக்கத்தில் ஒரு பீப் ஒலி. எஸ் எழுத்தைத் தட்டி என்டர் அழுத்தினால், அதன்பின் எல்லாக் கேள்வியையும் ஈஸ்பீக் என்ற கணினிக் குரல் வாசிக்கிறது. விண்டோஸிலும் நிறுவும்போதே கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் அழுத்தி, அதனுடனே வரும் திரை வாசிப்பானான நரேட்டரை எழுப்பலாம். இவற்றுக்கெல்லாம் முன்னால், கணினி எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும் பயாஸ் திரைதான் என்ன செய்தும் பேசவில்லை. பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கத் தம்பியின் கண்ணைத்தான் கடன் வாங்கினேன்.

இணையத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பயர்பாக்ஸில் எச் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவுவது இரண்டிலும் உண்டு. லிப்ரே ஆபிஸில் கடிதம் அடிக்கவும் ஓர்கா போதும். ஆனால் சில லினக்ஸ் செயலிகளில் பெயரே சொல்லாமல் "பட்டன், பட்டன்" என்றது. எதை அழுத்துகிறோம் என்று தெரியாமல் கை நின்றுவிடும்.

தமிழில் வாசிக்கச் சொன்னபோதுதான் இடைவெளி தெரிந்தது. விண்டோஸில் வள்ளுவர் என்ற பெயரிலேயே ஒரு தமிழ்க் குரல் இருக்கிறது. என்விடிஏ அதை எடுத்துக்கொள்ளும். மணிக்கணக்கில் கேட்கலாம். ஓர்காவில் எனக்குக் கிடைத்தது ஈஸ்பீக்கின் தமிழ். வேகம் கூட்டினாலும் சொல் புரிகிறது, ஆனால் இயந்திரக் குரல். நீண்ட கட்டுரைக்குக் காது வலிக்கும். வானவில் போன்ற பழைய எழுத்துருவில் வரும் ஆவணங்களை இரண்டுமே பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் வாசிக்கின்றன. யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புங்கள் என்று இன்றும் ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

ஆப்பிளின் மேக் கணினியில் வாய்ஸ்ஓவர் என்ற திரை வாசிப்பான் 2005 முதலே உடன் வருகிறது. விலைதான் நமக்கு எட்டாது.

அலுவலக வேலைக்கும் தேர்வுக்கும் கணினி தேவைப்படுவோர் என்விடிஏவை விடவேண்டாம். வீட்டில் கிடக்கும் பழைய லேப்டாப்பைப் பழைய இரும்புக்குப் போடவும் வேண்டாம். உபுண்டு என்ற லினக்ஸ் வகையைக் கணினியில் நிறுவாமல் பென்டிரைவில் இருந்தபடியே ஓட்டி, ஆல்ட், சூப்பர் (விண்டோஸ் விசைதான்), எஸ் மூன்றையும் அழுத்துங்கள், ஓர்கா பேசும். உள்ளே இருப்பது எதுவும் அழியாது. ஒரு வாரம் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.