மாணவர்களைக் கேட்டு அமைத்த வாசிப்புக்கூடம்: சில ஆண்டுப் புழக்கத்துக்குப் பிறகு

நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தின் வாசிப்புக்கூடத்தை, அதில் உட்காரப் போகிறவர்களைக் கேட்டுத்தான் மாற்றியமைத்தோம். புதுப்பெயிண்ட் வாசனை போய், மேஜை விளிம்புகள் தேய்ந்துவிட்ட இந்த நேரத்தில் அதைப் பற்றி எழுதுவதுதான் நியாயம்.

முதலில் படிவம் கொடுத்தோம். ‘இருக்கை எப்படி இருக்க வேண்டும்?’ என்ற கேள்விக்கு ‘வசதியாக’ என்று எழுதியிருந்தார்கள். கூடவே எல்லாருக்கும் ஏசி வேண்டும். அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு ஒரு ஸ்டூல்கூடச் செய்திருக்க முடியாது.

காலிக் கூடத்தின் தரையில் சாக்பீஸால் மேஜைகளை உண்மை அளவில் வரைந்து, மேலே அட்டைப்பெட்டிகளை அடுக்கிய பிறகுதான் பேச்சு சூடுபிடித்தது. இது பழைய உத்திதான். 1980களில் ஸ்காண்டிநேவியாவில், அச்சுத் தொழிலாளர்களுக்கான கணினிக் கருவிகளை அவர்களோடு சேர்ந்தே வடிவமைத்த உட்டோபியா என்ற ஆய்வுத் திட்டத்தில், வெறும் அட்டைப்பெட்டியின் மேல் லேசர் பிரிண்டர் என்று எழுதிவைத்து வேலையை ஒத்திகை பார்த்தார்கள். எங்கள் ஒத்திகையில், முதுகுப் பையோடு எதிரெதிரே வந்த இரண்டு பேர் ஒதுங்க இடமின்றிப் பெட்டிகளைச் சரித்தார்கள். வரைபடத்தில் தாராளமாகத் தெரிந்த நடைவழி அது. அங்கேயே ஒரு வரிசை மேஜை குறைந்தது. மாணவிகள் மேஜையின் முன்பக்கத்துக்கு மறைப்புப் பலகை கேட்டார்கள். படிவத்தில் யாரும் எழுதாத தேவை. இன்றுவரை யாரும் குறை சொல்லாத வசதி.

குழு விவாத அறைக்கு எழுதும் சுவர் வேண்டும் என்றும் கேட்டார்கள். 2007-08இல் செயல்வழிக் கற்றல் தமிழகமெங்கும் வந்தபோது, அரசுத் தொடக்கப் பள்ளிச் சுவர்களின் அடிப்பகுதியில் பிள்ளைகள் எழுதத் தாழ்வான கரும்பலகை அமைத்தார்கள். அதில் எழுதி வளர்ந்தவர்கள் கேட்காமல் என்ன செய்வார்கள்? மொத்த அமைப்பிலும் அதிகம் புழங்குவது அந்தச் சுவர்தான்.

பீன் பேக்தான் படுதோல்வி. வாக்கெடுப்பில் அமோகமாக ஜெயித்தது. அதில் சாய்ந்துகொண்டு குறிப்பெடுக்க முடியாது, தூங்கத்தான் முடியும் என்பது பருவத்தேர்வு வந்ததும் தெரிந்துவிட்டது. தையல் பிரிந்து தெர்மாகோல் மணிகள் கூடமெங்கும் பறந்த பிறகு, மிச்சம் இருந்தவை ஸ்டோர் ரூமுக்குப் போயின.

துப்புரவுப் பணி செய்யும் அக்காவை யாருமே கேட்கவில்லை. புது அலமாரிகளுக்கு அடியில் மூன்று விரல் உயரத்துக்குச் சந்து. துடைப்பம் நுழையாது, தூசி மட்டும் நுழையும். “ஒன்று தரையோடு உட்கார வேண்டும், இல்லையென்றால் துடைப்பம் போகிற மாதிரி இருக்க வேண்டும், தம்பி. இந்தச் சந்தில் எலிதான் குடித்தனம் நடத்தும்” என்றார். நடத்தியது. பிறகு தச்சரை வரவழைத்து மரச்சட்டம் அடித்து அடைத்தோம். முன்பே கேட்டிருந்தால் செலவே இல்லை.

இப்போதைய தலைவலி பிளக் பாயிண்ட். அமைத்த காலத்தில் நான்கு பேருக்கு ஒன்று போதும் என்றார்கள். இன்று ஆளுக்கொரு லேப்டாப். எக்ஸ்டென்ஷன் வயர்கள் காலைத் தட்டுகின்றன. கூடுதல் இணைப்பு கேட்டு மனு கொடுத்தால், “அப்போதே மாணவர்களைக் கேட்டுத்தானே செய்தோம்?” என்கிறது நிர்வாகம். அந்த மாணவர்களில் பாதிப் பேருக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.