ஃபின்னிய மொழியில் சிறுமையைச் சொல்லும் பெயரடைகள்: எதை எங்கே ஆள்வது?

ஃபின்னிய மொழி கற்பவர்கள் 'சிறிய' என்ற பொருளில் முதலில் அறிவது 'பியெனி', அடுத்து 'பிக்கு'. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் இலக்கணத்தில் வேறுபடுகின்றன. பியெனி, தான் தழுவும் பெயரின் வேற்றுமையைத் தானும் ஏற்பதால், 'சிறிய வீட்டில்' என்பது 'பியெனெஸ்ஸா தலோஸ்ஸா' ஆகிறது. பிக்குவோ எந்த உருபும் ஏற்காமல் 'பிக்கு தலோஸ்ஸா' என்றே நிற்கிறது. 'இன்னும் சிறிய' என்று ஒப்பிட 'பியெனெம்பி' உண்டு, பிக்குவுக்கு அத்தகைய வடிவம் இல்லை. 'வீடு சிறியது' என்று பயனிலையாக்கவும் பிக்கு உதவாது.

பொருளிலும் பிக்கு தனி வழியில் செல்கிறது. தம்பி 'பிக்குவெலி', கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் அலுவலகங்கள் நடத்தும் விருந்து 'பிக்குயோவுலு'. ஒரு பிழையைப் பியெனி என்றால் அதன் அளவு மட்டும் தெரிகிறது. பிக்கு என்றால், பொருட்படுத்த வேண்டியதில்லை என்ற ஆறுதலும் சேர்ந்துகொள்கிறது. ஐயம் எழும்போது பியெனியைத் தேர்வதே பாதுகாப்பானது.

அளவின் குறைவை நடுநிலையோடு எழுத 'வஹாய்னென்' ஏற்றது. பாதிப்பு, சேதம், மழையளவு ஆகியவற்றைப் பற்றிய அறிக்கைகளுக்கு அது நன்றாகப் பொருந்தும்.

உண்மையான சிக்கல் முக்கியமின்மையைச் சொல்லும் மூன்று சொற்களில்தான் இருக்கிறது. 'வஹாபாட்டொய்னென்' ஒன்றை அற்பமானது என்று மதிப்பிடுகிறது. 'மெர்கிட்டுக்செட்டொன்' என்பதில் முக்கியத்துவத்தைக் குறிக்கும் 'மெர்கிட்டுஸ்' என்ற பெயரோடு இன்மை விகுதி சேர்ந்திருக்கிறது. வேலை என்ற பொருளுடைய 'ட்யொ'விலிருந்து வேலையற்றவரைக் குறிக்கும் 'ட்யொட்டொன்' பிறப்பதும் இதே விகுதியால்தான். அளவைப் பற்றி அது எதுவும் சொல்லாததால், மிகப் பெரிய வேறுபாட்டையும் அவ்வாறு குறிப்பிடலாம். 'மிடாட்டொன்' இவற்றுள் மிகக் கூர்மையானது: சட்டத்தில் செல்லாத ஒப்பந்தத்தைக் குறிக்கும் அச்சொல், அன்றாடப் பேச்சில் கணக்கில் கொள்ளவே தகாததைக் குறிக்கிறது. மிகக் குறைந்த ஊதியத்தை அப்படிச் சொல்லலாம்; ஒரு மனிதரைச் சொன்னால் அது கடும் அவமதிப்பாகிவிடும் என்பதால், கற்பவர்கள் இதை ஆட்களுக்கு ஆளாமல் இருப்பதே முறை.

'ஏழை, பரிதாபமான' என்று பொருள்படும் 'வைவைனென்' என்பதற்குள் வறுமையின் வரலாறு இருக்கிறது. தேவாலய வாயில்களில் ஏழைகளுக்காகக் காசு திரட்ட நிறுத்தப்பட்ட மரச்சிற்பங்கள் 'வைவைசுக்கோ' எனப்பட்டன. இன்று ஒருவர் 'வைவைசெட் கும்மெனென் யூரோவா' என்றால், பத்தே பத்து யூரோதானா என்ற குறை அதில் ஒலிக்கிறது. தொகையைப் பற்றிய அந்த மனக்குறையைப் பியெனியால் அவ்வளவு நன்றாகச் சொல்ல முடியாது.