கட்லட்டுக்குக் கிறீம் கிறேக்கர் தூள்: பல வருசப் பாவனை

எங்கள் வீட்டில் கட்லட், றோல்ஸ் பொரிக்கப் பாண் தூள் வாங்குவதை விட்டுப் பல வருசமாகிறது. கிறீம் கிறேக்கர் என்ற இனிப்பில்லாத பிஸ்கற்றை நொறுக்கித்தான் பிரட்டுகிறோம். மலிபன், மஞ்சி இரண்டு பிராண்டுமே சரிவரும்.

நொறுக்குகிற விதத்தில்தான் விசயம் இருக்கிறது. தடித்த பொலித்தீன் பையில் போட்டு மேலே ஒரு போத்தலை உருட்டுங்கள். பாதி ரவை போலவும் மீதி கொஞ்சம் பொருக்காகவும் இருக்கவேண்டும். மிக்சியில் அரைத்தால் மாவாகி அப்பிக்கொள்ளும், மொறுமொறுப்பு வராது. ரின் மீனும் உருளைக்கிழங்கும் பிசைந்த உருண்டையைக் கோதுமை மாக் கரைசலில் தோய்த்து, தூளில் பிரட்டி, அரை மணித்தியாலம் ஃபிரிட்ஜில் வைத்தால் தூள் இறுகப் பிடித்துவிடும்; எண்ணெய்க்குள் உதிர்ந்து கருகாது. கிறேக்கரில் ஏற்கெனவே கொழுப்பு இருப்பதால் பாண் தூளைவிடக் கெதியாகச் சிவக்கும். அதனால் தாச்சிக்கு நடுத்தர நெருப்பே போதும்.

உப்பில் கவனம் வேண்டும். கிறேக்கரிலும் உப்பு, ரின் மீனிலும் உப்பு. பிசையும்போது வழக்கமான அளவில் பாதி போட்டு ருசி பாருங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு.

மாரியில் பக்கற்றைத் திறந்து வைத்தால் நமத்துவிடும். வெறும் தாச்சியில் மெல்லிய சூட்டில் வறுத்து, ஆறவிட்டு ரின்னில் அடைத்தால் திரும்ப மொறுமொறுக்கும். பழைய எண்ணெய் மணம் வந்தால் மட்டும் கொட்டிவிடுங்கள். மிச்சத் தூளை சூப் தடிக்கவும், மக்கறோனிக்கு மேலே தூவவும் எடுக்கிறோம்.

சத்து என்று பார்த்தால், 100 கிராம் கிறேக்கரில் 400 கலோரிக்கு மேல் இருக்கிறது. பெரும்பங்கு வெள்ளைக் கோதுமை மா, அடுத்தது கொழுப்பு, நார்ச்சத்து குறைவு. ஒரு கட்லட்டுக்கு ஒரு கரண்டித் தூள்தான் பிடிக்கும், ஆகவே அதில் பெரிய பாதிப்பில்லை. எனக்குக் கவலை தருவது வேறு. சீனி வருத்தக்காரருக்கு நல்லதென்று தேத்தண்ணியோடு ஐந்தாறு கிறீம் கிறேக்கர் கொடுக்கும் பழக்கம் யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் உண்டு. இனிப்பில்லாவிட்டாலும் அந்த மா இரத்தத்தில் சீனியை விரைவாக ஏற்றும். தயவுசெய்து அதற்குப் பதிலாக அவித்த கடலையோ பயறோ அளவாகக் கொடுங்கள்.

அம்மாவுக்கும் சீனி இருக்கிறது. கட்லட் நாளில் அவருக்கு மட்டும் இரண்டைத் தட்டையாகத் தட்டி, எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் வாட்டி எடுப்போம். பொரித்த அளவுக்கு மொறுமொறுக்காது. ஆனால் ஓரமெல்லாம் நன்றாகச் சிவந்து வரும், விருப்பமாகச் சாப்பிடுவார்.