பழைய ஆசிலோஸ்கோப் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

மின்சார அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் (சுருக்கமாக ஸ்கோப்) ஒன்றை வாங்கி 14,500 ரூபாய் போய்விட்டது. நாகர்கோவிலில் பழைய மின்னணுக் கருவிகளை வாங்கி விற்கும் ஒரு கடையில். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. மலிவாக ஸ்கோப், ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் ஸ்டேஷன் எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பவர்களுக்காக, ஆத்திரம் அடங்கும் முன்பே எழுதுகிறேன்.

திங்கள்சந்தையில் இன்வெர்ட்டர் போர்டு பழுதுபார்ப்பது என் தொழில். போர்டில் சுவிட்சு போல வேலை செய்யும் இரண்டு பக்க மாஸ்ஃபெட்டுகளும் ஒரே நேரத்தில் மின்சாரத்தைக் கடத்தினால் எல்லாம் வெடித்துப்போகும். அதனால் அவற்றை இயக்கும் இரண்டு கேட் பல்ஸையும் (துடிப்புகளையும்) ஒரே திரையில் பார்த்தாக வேண்டும். இரண்டாவது அலையைக் காட்டும் சேனல் வேலை செய்யாத ஸ்கோப் எனக்கு வெறும் பெட்டி. இதைக் கடைக்காரரிடம் விளக்கமாகச் சொன்னேன்.

"மக்களே, தொழில் செய்கிற பிள்ளைக்குக் கெட்ட சாமானைக் கொடுத்தால் எனக்குச் சோறு இறங்குமா?" என்றார். அளக்கும் கம்பியான புரோபை, ஸ்கோப்பிலேயே சரிபார்ப்பதற்காக இருக்கும் கேலிபரேஷன் முனையில் மாட்டினார். சதுர அலை மூலை மழுங்காமல் வந்து நின்றது. அடுத்த சேனலிலும் அதே அலை. உடனே சுவிட்சை அணைத்து, திரையைத் துடைத்து, பெட்டிக்குள் வைத்துவிட்டார். "இன்னும் கொஞ்சம் ஓடட்டும் அண்ணாச்சி" என்றேன். "கடை அடைக்கிற நேரம். ஒரு வாரம் வைத்துப் பார், பிடிக்காவிட்டால் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு போ" என்றார். அந்த வாக்கை நம்பித்தான் 14,500 ரூபாயை அனுப்பினேன். பில் புத்தகம் தீர்ந்துவிட்டதாம், வாட்ஸ்அப்பில் வருமாம்.

அன்று இரவே, கருவி சூடேறியதும் இரண்டாவது சேனல் செத்தது. ஆறவிட்டால் உயிர் வரும், கால் மணி நேரத்தில் மறுபடி போகும். திறந்து பார்த்தேன். உள்ளீட்டுப் பகுதியில் கருகிய இடத்தைச் சுரண்டி, அறுந்த தடத்தின் மேல் மெல்லிய கம்பி ஒன்றை வைத்து ஈயம் உருட்டியிருக்கிறார்கள். சுற்றியிருக்கும் ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்டுவதற்குத் தடவும் பசை) இன்னும் விரலில் ஒட்டுகிறது! விற்பதற்காகவே செய்த வேலை இது. கூடவே வாங்கிய ஈயச் சுருளும் போலி. 63/37 (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. உண்மையான 63/37 ஈயம் 183 டிகிரியில் தண்ணீராக ஓடும். இது 250 வைத்தும் கூழாக நிற்கிறது.

தொலைபேசியில் கேட்டால், உன் வீட்டு மின்சாரத்தில்தான் கோளாறு என்றார். நேரில் போனால், முதலாளி திருவனந்தபுரம் போயிருக்கிறார் என்று பையன் சொல்கிறான். அவருடைய ஸ்கூட்டர் வாசலிலேயே நிற்கிறது. பிறகு ஆள் அகப்பட்டபோது, பணத்துக்குப் பதிலாகப் பழைய டிரான்ஸ்ஃபார்மர்களை அள்ளிக்கொண்டு போகச் சொன்னார். ஒரு வாரத் தவணையை நினைவூட்டினேன். மக்களே என்று கூப்பிட்ட வாய், "எழுத்தில் இருக்கிறதா?" என்று கேட்டது. 14,500 ரூபாய் அவருக்கு ஒரு நாள் வியாபாரமாக இருக்கலாம். எனக்கு அது கடை வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தராததே முறையற்ற வணிகம். பில்லில் திருப்பிக் கொடுப்பதற்கான கால வரம்பு எதுவும் இல்லையென்றால், குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

வாங்கப் போகிறவர்கள் கருவியை அரை மணி நேரமாவது கடையிலேயே ஓடவிடுங்கள். மூடியைத் திறந்து காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஈயத்தை அங்கேயே உருக்கிப் பாருங்கள். யுபிஐயில் கடைப் பெயருக்குப் பதிலாக யாரோ தனியாள் பெயர் வந்தால் பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள்.